கம்பி ஏன் ஒடிகிறது?

பத்தாம் வகுப்பில் வெப்ப விரிவு நடத்தும்போது, கட்டுக்கம்பித் துண்டைக் கொடுத்து, ஒடியும்வரை முன்னும் பின்னும் வளைத்து எண்ணச் சொல்வேன். இழுத்தால் அறாத கம்பி, சில முறை வளைத்ததும் ஒடிகிறது. ஒடிந்த இடம் சுடும். அதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். இதுதான் உலோகச் சோர்வு.

“மின் நிலையக் குழாயை யார் சார் வளைக்கிறார்கள்?” என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. நிலையம் இயங்கும்போது குழாய் விரிகிறது, நிறுத்தினால் சுருங்குகிறது. விரிய இடமில்லாதபோது அதுவே வளைப்பின் வேலையைச் செய்கிறது.

இதோடு மூப்பும் சேர்கிறது. எவர்சில்வர் துருப்பிடிக்காதது குரோமியத்தால். 500 டிகிரி செல்சியசுக்கு மேல் நெடுங்காலம் இருந்தால், குரோமியம் கார்பனுடன் சேர்ந்து உலோகப் படிகங்களின் எல்லைகளில் கார்பைடாகப் படிகிறது. அதை ஒட்டிய பகுதியில் குரோமியம் குறைந்து, விரிசலுக்கு வழி பிறக்கிறது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலையில் திரவ சோடியம் ஏறத்தாழ 550 டிகிரியை எட்டும். அங்கே பயன்படும் 316எல்என் எஃகில் கார்பனை 0.03 சதவீதத்துக்குள் குறைத்து, அதனால் குறையும் வலிமையை நைட்ரஜனால் ஈடுசெய்கிறார்கள்.

வளைப்பு எண்ணிக்கை குழுவுக்குக் குழு மாறும். திருத்தாமல் கரும்பலகையில் எழுதுங்கள். குறைவாக வளைத்தால் எண்ணிக்கை கூடுமா என்பதை அடுத்த பாடவேளையில் பார்க்கலாம்.