கேமரன் மலையில் ஒரு நாள்: மாசாயிலிருந்து கார் எடுப்பவர்களுக்கு

மாசாயிலிருந்து தாப்பா ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அங்கிருந்து மலைமேல் உள்ள தானா ராத்தாவுக்கு மேலும் 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. இந்த ஓட்டத்தையும் ஊர் சுற்றுவதையும் ஒரே நாளில் திணித்தால், ஓட்டியவருக்கு முதுகுவலிதான் மிஞ்சும். ஏற ஒரு நாள், இறங்க ஒரு நாள், நடுவில் ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

• கிழமை பார்த்துப் புறப்படுங்கள். ஜோகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தவரை நமக்கு ஒரு சலுகை இருந்தது. கோலாலம்பூர்க்காரர்கள் வேலையில் இருக்கும் வெள்ளிக்கிழமையே மலைமேல் உள்ள பிரிஞ்சாங்கைச் சுற்றிவிட முடிந்தது. 2025 ஜனவரியிலிருந்து நமக்கும் சனி, ஞாயிறுதான். அந்த இரண்டு நாளும் மலைமேல் முன்னால் போகும் காரின் பின்பக்கத்தைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் மையம் வழக்கமாகத் திங்களன்று மூடியிருக்கும். அதனால் திங்கள் ஏறி, செவ்வாய் சுற்றி, புதன் இறங்குவது என் கணக்கு. பள்ளி விடுமுறைக் காலத்தில் இது செல்லாது. அப்போது விடிகாலையில் எழுவது ஒன்றே வழி.

• பசியாறியதும் முதலில் தேயிலைத் தோட்டம். போ தேயிலையை ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கினார். அந்தச் சரிவுகளில் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பால்மரம் சீவியவர் தேயிலைச் செடியைப் பார்த்துச் சொல்லும் கதை எந்த அறிவிப்புப் பலகையிலும் இருக்காது.

• மதியத்துக்கு மேல் மழை வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலை அந்த நேரத்துக்கு ஒதுக்கலாம்.

• பெட்ரோலைத் தாப்பாவிலேயே நிரப்புங்கள்.

• வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் சிம்பாங் பூலாய் வழியாக ஏறுங்கள். தூரம் கூடும், ஆனால் சாலை அகலம், வளைவும் அவ்வளவு கடுமையில்லை.

செய்யக்கூடாதவை

• ஸ்ட்ராபெரித் தோட்டம் ஒவ்வொன்றிலும் காரை நிறுத்தாதீர்கள். ஒன்று பார்த்தால் போதும், மற்றவையும் அதே பழம்தான். ஒருநாளில் மூன்று இடத்துக்கு மேல் பட்டியல் போடவே வேண்டாம்.

• 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் சிகரத்துப் பாசிக்காட்டுக்கு விசாரிக்காமல் கிளம்பாதீர்கள்; சில காலங்களில் மூடிவிடுவார்கள். மேலே போகும் பாதையில் எதிரே கார் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும். பாசியைப் பிய்ப்பதும் பலகைப் பாதையை விட்டு இறங்குவதும் கூடவே கூடாது.

• கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் வேலை நேரத்தில் நிற்கிறார்கள்.

• வளைவில் காய்கறி லாரியை முந்தாதீர்கள்.

• இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஆட்டோ கார் ஓட்டுபவர்களுக்கு டி-யிலேயே விட்டுவிடும் பழக்கம் உண்டு. அதை விட்டுக் கியரைக் குறைத்தால் வேகத்தை இயந்திரமே கட்டுப்படுத்தும். அகலமான சாலைதானே என்று சிம்பாங் பூலாய் பக்கம் அசட்டையாக இறங்குவதும் தப்பு. 2010 டிசம்பரில் தாய்லாந்துப் பயணிகளுடன் வந்த பேருந்து கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தது அந்தச் சாலையில்தான்.