பனங்கொட்டையில் ஒரு நத்தார் தாத்தா

நத்தார் நெருங்கும்போது கடைகளில் மின்குமிழ் மாலைகளும் பிளாஸ்ரிக் மரங்களும் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. சொந்தக் காணியை விட்டு வந்து வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் வாழும் குடும்பங்களுக்கு இந்த மாதம் இரண்டு பாரங்களைக் கொண்டுவருகிறது. ஒன்று செலவு. மற்றது, "எங்கட வீட்டிலயும் சோடிப்பமா?" என்ற பிள்ளைகளின் கேள்வி. கடன்பட்டு வாங்கிய சோடினை தை மாதத்தில் குப்பைக்குப் போய்விடும். கடன் மட்டும் வீட்டில் தங்கிவிடும். ஆகவே, வீட்டிலும் வளவிலும் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு குடிலின் அருகில் வைக்கக்கூடிய ஒரு குள்ளத் தாத்தாவைச் செய்ய இப்பாடத்தில் கற்போம்.

யார் இந்தக் குள்ளத் தாத்தா?

வெளிநாடுகளிலிருந்து எமது உறவுகள் அனுப்பும் நத்தார் படங்களில், கூரான தொப்பியும் நீண்ட தாடியும் கொண்ட ஒரு சிறிய கிழவனை இப்போது அடிக்கடி காண்கிறோம். அவனை நோர்வேயில் நிஸ்ஸே என்றும் சுவீடனில் தொம்தே என்றும் அழைப்பார்கள். பிறப்பால் அவன் கடைப் பொம்மை அல்லன். கமக்காரரின் கதைகளில் வாழ்ந்தவன். மாட்டுத் தொழுவத்தில் இருந்து மாடுகளையும் வளவையும் காப்பான் என்று அந்நாட்டுக் கிராமத்தவர்கள் சொல்லிவந்தனர். நத்தார் இரவில் அவனுக்கு வெண்ணெய் இட்ட கஞ்சி ஒரு கிண்ணம் வைப்பதும் வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்த்து மடல் ஓவியங்கள் வழியாக அவன் நத்தார் சோடினையிலும் இடம்பிடித்தான்.

அவனைப்பற்றி அங்கே ஒரு நாட்டார் கதை உண்டு. அவனுடைய குறும்பு தாங்க முடியாத ஒரு கமக்காரன் வீட்டையே மாற்றத் தீர்மானித்தானாம். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், பீப்பாய்க்குள்ளிருந்து அந்தக் குள்ளன் தலையை நீட்டி, "இண்டைக்கு நாங்கள் வீடு மாறுறம் போல" என்றானாம்.

அவர்களுக்கு அது சிரிப்புக் கதை. எமக்கோ அது வேறொன்றை நினைவூட்டுகிறது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதியிலிருந்து பெருந்தொகையான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மீண்டும் நடந்தோம். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி மக்கள் மறுபடியும் வெளியேறினர். வயலையும் கிணற்றையும் தூக்கிவர முடியவில்லை. ஆனால் கடகம் இழைக்கும் கை, பனாட்டுப் போடும் பக்குவம், குடில் கட்டும் வழக்கம் ஆகியவை எம்முடன் கூடவே வந்தன. அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதே இவ்வேலையின் நோக்கம்.

நாம் இத்தாத்தாவுக்குக் கஞ்சி படைக்கப் போவதில்லை; எம்மைக் காப்பவர் ஆண்டவரே. 1223இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கிரேச்சியோ என்னும் ஊரில் குடில் அமைத்தபோது, உண்மையான மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டே அமைத்தார். கமக்காரரின் பொருட்களுக்குப் பாலனருகில் இடம் உண்டு. எகிப்துக்கு ஓடிப்போன அந்தத் திருக்குடும்பத்தைப் பார்க்கவரும் ஒரு தீவுக் கமக்காரனாக இத்தாத்தாவை நிறுத்துவோம்.

தேவையான பொருட்கள்

தும்புள்ள பனங்கொட்டை ஒன்று, பழைய சிவப்புத் துணித் துண்டு, பழைய கொப்பி மட்டை, வார்ந்த பனையோலை, புளியங்கொட்டை ஒன்று, ஊசி, நூல், பழைய சீப்பு, கோதுமை மாவில் காய்ச்சிய பசை.

பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே கொட்டையை எடுத்து வைப்பது நல்லது. களி பிசைந்தெடுத்த கொட்டைகளுள் தும்பு நீண்டதாகப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். கிழங்குப் பாத்திக்கு ஒதுக்கியதைத் தொட வேண்டாம். அது குடும்பத்தின் உணவு. கொட்டை கிடைக்காதவர்கள் சிரட்டையைக் கவிழ்த்து, அதில் தென்னந்தும்பைத் தாடியாக ஒட்டலாம்.

செய்முறை

1. கொட்டையில் களி சிறிதும் ஒட்டியிராதபடி மூன்று தண்ணீரில் அலசுங்கள். களி இருந்தால் எறும்பு மொய்க்கும். தீவுகளில் பல கிணறுகள் உவர். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள். உப்புப் படிந்த தும்பு ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

2. நன்கு காயும்வரை பல நாள் வெயிலில் வையுங்கள்.

3. தும்பைச் சீப்பால் மெல்ல வாரி ஒரு பக்கமாகக் கீழே இறக்குங்கள். இதுவே தாடி. பின்புறத் தும்பைக் கத்தரித்து விடுங்கள்.

4. ஓலையைச் சிறிது நனைத்து, சும்மாடு போல வளையமாகப் பின்னி, கொட்டையை அதன்மேல் நிறுத்துங்கள். ஆடினால் பசை வைத்து இறுக்குங்கள்.

5. கொட்டையின் மேற்பகுதிச் சுற்றளவை நூலால் அளவுங்கள். மட்டையை விசிறி வடிவில் வெட்டுங்கள். அதன் வளைந்த விளிம்பு நூலின் அளவைவிட அரை அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். சுருட்டி ஒட்டினால் கூர்த்தொப்பி வரும். அதன்மேல் சிவப்புத் துணியைப் போர்த்தித் தையுங்கள்.

6. தொப்பியை முன்பக்கம் சற்றுத் தாழ்த்தி ஒட்டுங்கள். கண் வரையத் தேவையில்லை. தொப்பியின் விளிம்புக்குக் கீழே புளியங்கொட்டையை மூக்காக ஒட்டுங்கள்.

7. தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை கட்டி, பக்கத்தில் ஈர்க்கில் செய்த மண்வெட்டி ஒன்றைச் சாத்தினால், அவன் எம்மூர்த் தாத்தா ஆகிவிடுவான்.

கவனிக்க வேண்டியவை

மூக்குக்கும் கண்ணுக்கும் குன்றிமணியைப் பயன்படுத்த வேண்டாம். அழகான அந்த விதை கடும் நஞ்சு. மென்று விழுங்கும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. தும்பும் ஓலையும் இலகுவில் தீப்பற்றும். மெழுகுதிரிக்கு அருகில் வைக்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் கொட்டை பொறுக்கப் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். ஓலைக்காக வடலிகளின் குருத்தை மொட்டையடிக்கவும் கூடாது. காணி எவருடையதாயினும், பனை வருங்காலப் பிள்ளைகளுடையது.

விற்க விரும்புவோருக்கு

இது ஒரு பருவத்துக்கான கைவேலை, பயிர்ச்செய்கைக்கு ஈடாகாது. இதற்கெனக் கடன் எடுக்க வேண்டாம். விலையைக் கணக்குப் பார்த்தே வையுங்கள். ஒருவர் ஒரு நாளில் ஆறு தாத்தா செய்தால், உங்கள் ஊரின் ஒரு நாள் கூலியை ஆறாகப் பிரித்து, அதனுடன் துணி, நூல், பசை, போக்குவரத்துச் செலவைச் சேருங்கள். "வீட்டில சும்மா இருந்து செய்ததுதானே" என்று பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது தவறு. முதலில் ஐந்தாறு மட்டும் செய்து, பங்கில் அல்லது சந்தையில் காட்டிக் கேள்வி இருந்தால் தொடருங்கள்.

கூடிப் பேசுவோம்

1. எமது ஊரிலிருந்து எந்தக் கைப்பழக்கத்தைக் கொண்டுவந்தோம்? அதை எமது பிள்ளைகளுள் யார் அறிவார்?

2. கடந்த நத்தாருக்குப் பட்ட கடனைத் தீர்க்க எத்தனை மாதம் எடுத்தது?

3. எமது அயலில் நத்தார் கொண்டாடாத குடும்பங்களின் பிள்ளைகளையும் இவ்வேலைக்குக் கூப்பிட்டோமா? பனங்கொட்டை எல்லாச் சமயத்தவர் முற்றத்திலும் விழுகிறது அல்லவா?