மிஸ்வாக்கும் கரிப்பொடியும்

நாயகம் (ஸல்) அவர்கள் தம் உம்மத்துக்குக் காட்டித் தந்த சுன்னத்துகளில் மிஸ்வாக் செய்வது மிகவும் வலியுறுத்தப்பட்ட ஒன்றாகும். உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் மட்டும் இல்லாதிருந்தால் ஒவ்வொரு தொழுகையின் போதும் பல் துலக்கும்படி கட்டளையிட்டிருப்பார்கள் என்ற கருத்துள்ள ஹதீஸை ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது பதிவாகியுள்ளது. மிஸ்வாக்கினால் வாய் துப்புரவாகிறது, ரப்பின் பொருத்தமும் கிடைக்கிறது என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பாகும்.

இவ்விரண்டு ஹதீஸ்களிலும் நம்மிடம் வேண்டப்படுவது சுத்தமேயன்றி வெண்மையன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.

கேள்வி எங்கிருந்து எழுகிறது?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிக் கரிசல் காட்டில் கரி என்பது எல்லோரும் அறிந்த பொருள். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, காற்றுப் புகாமல் புகைய விட்டுக் கரிமூட்டம் போடுவது இங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. அடுப்புக்கரியை நுணுக்கி உப்புச் சேர்த்துப் பல் தேய்த்த தலைமுறையை நாம் இன்னும் வீடுகளில் காண்கிறோம். வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கிடைக்காத வேளையில் அவர்கள் கையில் அகப்பட்டது அதுதான்.

இப்போதோ நிலைமை வேறு. ஆக்டிவேட்டட் சார்கோல் என்ற பெயரில் கரிப்பொடி டப்பாக்களில் விற்கப்படுகிறது. பல் முத்துப்போல் வெளுக்கும் என்று கைப்பேசிப் படங்களில் காட்டுகிறார்கள். நிக்காஹ் பேசப்படும் வீடுகளில் பெண்பிள்ளைகள் காலையும் மாலையும் அதை வைத்துத் தேய்க்கிறார்கள். இது கூடுமா, இதனால் மிஸ்வாக்கின் நன்மை கிடைக்குமா என்று நம்மிடம் கேட்கப்படுகிறது.

இந்தக் கரி எத்தகையது?

தேங்காய்ச் சிரட்டை, மரம் முதலியவற்றைக் கரியாக்கி, அதை மீண்டும் கடும் வெப்பத்தில் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் அதில் உண்டாகின்றன. அத்துளைகளின் பரப்பில் வேறு பொருள்கள் ஒட்டிக்கொள்ளும். விஷம் அருந்தியவர்களில் சிலருக்கு மருத்துவமனையில் இதைக் கரைத்துக் கொடுப்பதும், தண்ணீர் வடிகட்டியில் இதை வைப்பதும் இக்காரணத்தால்தான். நம் மாநிலத்தில் காங்கேயம் பகுதியில் சிரட்டையிலிருந்து இதைத் தயாரிக்கும் தொழில் நடைபெறுகிறது.

ஆகவே இது பயனற்ற பொருளன்று. ஆனால் விஷத்தை ஈர்ப்பது பல்லையும் வெளுக்கச் செய்யும் என்று முடிவு கட்டலாகாது. 2017-ஆம் ஆண்டு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வெளியாயிற்று. கரிப் பற்பசைகளும் பொடிகளும் பயன் தரும் என்பதற்கும், தீங்கற்றவை என்பதற்கும் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

பல்லின் மேல்பூச்சு எனாமல் எனப்படும். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அது. மிகத் தடித்த இடத்திலும் அதன் கனம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர்தான். எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் வளரும். எனாமல் தேய்ந்து போனால் மறுபடி வளராது. அதன் கீழே இருக்கும் பகுதியோ இயல்பிலேயே மஞ்சள் நிறமானது. கரகரப்பான பொடியை அழுத்தித் தேய்க்கும்போது வெற்றிலைக் கறையும் தேநீர்க் கறையும் சிறிது நீங்கிப் பல் வெளுத்தாற்போலத் தோன்றும். நாளடைவில் எனாமல் தேயத் தேய உள்ளிருக்கும் மஞ்சள் வெளியே தெரியும்; பல் கூசும். வெண்மையை நாடி மஞ்சளை வாங்கிக்கொண்டதாகிவிடும். உமிக்கரியும் செங்கல் பொடியும் மணலைப் போன்ற கடினத் துகள்கள் உள்ளவையாதலால் அவற்றையும் அன்றாடம் தேய்ப்பது நல்லதன்று.

சுன்னத்தின் மென்மை

மிஸ்வாக் குச்சியைப் பற்றி இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் கூறியுள்ளதைக் கவனிக்க வேண்டும். குச்சி புண்படுத்தும் அளவுக்குக் காய்ந்திருக்கக் கூடாது, அழுக்கை நீக்காத அளவுக்கு ஈரமாகவும் இருக்கக் கூடாது, நடுத்தரமாக இருப்பதே விரும்பத்தக்கது என்கிறார்கள். ஈறில் இரத்தம் கசியும்படி துலக்குவதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி வேளையில் நடந்ததும் நமக்குப் பாடமாகும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் மிஸ்வாக்குடன் வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் பார்வை அதன் மேல் சென்றது. அன்னையவர்கள் அதை வாங்கித் தம் பல்லால் மென்று, மிருதுவாக்கிய பின்பே கொடுத்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. இத்தகைய மென்மையைக் கற்றுத் தந்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, பல்லை அரம்போல் அராவுவதை மிஸ்வாக் என்று எப்படிச் சொல்வது?

அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கி, அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்கள் சபிக்கப்பட்டவர்கள் என்ற எச்சரிக்கை ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பில் உள்ளது. கறையை நீக்குவது இதில் சேராது, அது சுத்தமாகும். ஆனால் கறை போன பின்னும் வெண்மைக்காகப் பல்லையே தேய்த்துக் குறைப்பவர், தம்மை அறியாமல் அந்த எல்லையை நெருங்குகிறார் என்று அஞ்சுகிறோம். தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்யலாகாது என்பது மார்க்கத்தின் பொது விதியுமாகும்.

தண்ணீரால் வந்த கறை

சில பிள்ளைகளின் பல்லில் உள்ள பழுப்புக் கோடுகள் துலக்காததால் வந்தவையல்ல. குடிதண்ணீரில் ஃப்ளோரைடு என்னும் உப்பு மிகுந்திருந்தால், குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போதே கறை அதனுள் படிந்துவிடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இக்கேடு மிகுந்திருந்ததாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. நம் தூத்துக்குடி மாவட்டத்திலும் சில இடங்களின் நிலத்தடி நீரில் அது அளவை மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தக் கறை உள்ளே இருப்பது. எத்தனை டப்பா கரியைத் தேய்த்தாலும் போகாது, பல்தான் தேயும். பெண் பார்க்க வருகிறவர்கள் இதைக் குறையாகப் பேசுவதும், மாப்பிள்ளை வீட்டில் பெயர் வைத்து அழைப்பதும் நம்மிடையே நடக்கின்றன. ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஹுஜ்ராத் அத்தியாயத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது அந்தப் பிள்ளையின் குற்றமா? அவளைக் கரி தேய்க்க வைத்த நாவுகளும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவையே.

இத்தகைய கறைக்குப் பல் மருத்துவரிடம் சிகிச்சை பெறலாம். போரில் மூக்கை இழந்த ஹழ்ரத் அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதீயில் உள்ளது. ஏற்பட்ட குறையைச் சரிசெய்வது வேறு, படைப்பை மாற்றுவது வேறு என்பதற்கு அது ஆதாரமாகும்.

சில மஸ்அலாக்கள்

1. ஷாஃபிஈ மத்ஹபில் சொரசொரப்பான, அழுக்கை நீக்கும் சுத்தமான எப்பொருளாலும் மிஸ்வாக்கின் சுன்னத்து நிறைவேறும். அராக் குச்சி மிகச் சிறந்தது. ஹனஃபீ மத்ஹபில் குச்சி கிடைக்காதபோது விரலும் போதும். பிரஷ்ஷால் துலக்குவோரும் நிய்யத்தை மறக்க வேண்டாம்.

2. மரக்கரியும் சிரட்டைக் கரியும் சுத்தமானவை. எலும்புக் கரியாக இருந்தால் விசாரிக்க வேண்டும். நஜீஸான பொருளை எரித்தாலும் ஷாஃபிஈ மத்ஹபில் அது நஜீஸாகவே இருக்கும்.

3. நோன்பு நேரத்தில் பொடியோ பசையோ வேண்டாம். துகள் தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறியும். ஸஹருக்குப் பின் சுபுஹுக்கு முன்பே துலக்கிக் கொள்க.

4. கரிப்பொடியை விழுங்குவது கூடாது. அது மருந்துகளையும் ஈர்த்து அவற்றின் பலனைக் குறைத்துவிடும். அன்றாடம் மாத்திரை உண்போர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

5. கரி தேய்த்தவர் உதட்டிலும் பல்லிடுக்கிலும் கருமை தங்காதபடி நன்கு கொப்பளிக்க வேண்டும். பள்ளிவாசல் ஒளுச் செய்யுமிடத்தில் கரிநீரைத் துப்பிப் பிறருக்கு அருவருப்பு உண்டாக்கலாகாது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. மிருதுவான குச்சி அல்லது பிரஷ்ஷால், பட்டாணியளவு பசையுடன், காலையிலும் உறங்குமுன்னும் மெதுவாகத் துலக்குங்கள். கடலைமிட்டாய் தின்ற பிள்ளைகளை உடனே வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலையை விட்டுவிட்டால் புதுக்கறை படிவது பெரிதும் குறையும். போர்வெல் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் ஜமாஅத்தார் முன்வந்து, அந்தத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பட்டும். ஒரு பெண்ணின் பல்லைக் குறை கூறுவதை விட, அடுத்த தலைமுறையின் பல்லைக் காப்பது மேலான அமலாகும்.

நாயகம் (ஸல்) அவர்களின் சுன்னத்தை, அதன் மென்மையோடு பின்பற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.