ஊன்றுகோலும் அளவுகோலும்

தில்லியில் கோல் மார்க்கெட் என்னும் பகுதி உள்ளது. இந்தியில் ‘கோல்’ என்றால் வட்டம். 1921ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட அங்காடிக் கட்டடம், சாலைகள் கூடும் வட்டத்தின் நடுவே 12 பக்கங்களுடன் நிற்கிறது. தமிழிலோ ‘கோல்’ வேறு பொருள் தரும். முதியோர் ஊன்றி நடப்பது ஊன்றுகோல். நீளத்தை அளப்பது அளவுகோல். முதியோர் இல்லம் கட்டுவோர் இவ்விரண்டையும் மறத்தலாகாது.

ஆதரவற்ற முதியோருக்காக, மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் அமைக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. அத்தகைய பெரிய இல்லத்தில் தாழ்வாரம் நீளும். முழங்கால் வலியுடையவர்க்கு இரவில் கழிவறை தொலைவாகும். நினைவு மங்கியவர் திருப்பங்களில் வழி தவறுவார்.

இங்கே கணினி உதவுகிறது. 1736இல் கணித அறிஞர் ஆய்லர், கோனிக்ஸ்பர்க் நகரின் 7 பாலங்கள் பற்றிய ஒரு புதிரை ஆராய்ந்தார். பிற்காலத்தார் அப்பாலங்களைக் கோடுகளாகவும் நிலப்பகுதிகளைப் புள்ளிகளாகவும் வரைந்தனர். அவ்வாறே கணினியும் அறைகளைப் புள்ளிகளாகவும் வாயில்களைக் கோடுகளாகவும் கொள்கிறது. கட்டிலிலிருந்து கழிவறைக்கும் உணவுக்கூடத்துக்கும் உள்ள தொலைவைக் கணக்கிடுகிறது. ஒரு சுவரை நகர்த்தி மீண்டும் கணக்கிடுகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான அமைப்புகளை ஒப்பிட்டுச் சிறந்தவற்றைக் காட்டுகிறது. கட்டட அமைப்புக்கும் மக்கள் நடமாட்டத்துக்கும் உள்ள தொடர்பை, இலண்டன் அறிஞர்கள் பில் ஹில்லியர், ஜூலியன் ஹான்சன் ஆகியோர் 1984இல் ஒரு நூலாகவே எழுதினர்.

ஆயினும் கணினி, கேட்டதை மட்டுமே தேடும். தொலைவைக் குறைக்க மட்டும் பணித்தால், சாளரமில்லா அறைகளை நெருக்கி அடுக்கவும் கூடும். ஊரில் திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்துப் பழகிய பாட்டி, வாயிலில் வருவோரைக் காண விரும்புவார். அவ்விருப்பத்தைச் சொன்னால், எந்த இருக்கையிலிருந்து வாயில் தெரியும் என்பதையும் கணினி அளந்து கூறும். சொல்லாவிடில் அது அறியாது. ஆகவே, கட்டடக் கலைஞர் முதலில் முதியோர் அருகில் அமர்ந்து கேட்டல் வேண்டும். அளவுகோலைக் கணினி பிடிக்கலாம். எதை அளப்பது என்பதை ஊன்றுகோல் பிடித்தவரே கூற வேண்டும்.

சொற்பொருள்
அங்காடி – கடைத்தெரு
சாளரம் – சன்னல்
தாழ்வாரம் – அறைகளை இணைக்கும் நடைவழி

வினாக்கள்
1. ‘கோல்’ என முடியும் வேறு இரு சொற்களை எழுதுக.
2. ஆய்லர் ஆராய்ந்த புதிரில் பிற்காலத்தார் எவற்றைக் கோடுகளாக வரைந்தனர்?
3. கணினியால் தானே அறிய இயலாதது எது?

செயல்பாடு
உம் வீட்டு அறைகளைப் புள்ளிகளாகவும் வாயில்களைக் கோடுகளாகவும் வரைக. உம் தாத்தா அல்லது பாட்டி எங்கே அமர விரும்புவார் எனக் கேட்டு, அவ்விடத்தைக் குறிக்க.