இறால் பண்ணையும் இயைபு நோக்கும்

உடலின் உறுப்புகள் வெவ்வேறாயினும், ஒன்றுற்ற நோய் மற்றொன்றை வருத்தாமல் விடுவதில்லை. நிலமும் நீரும் தொழிலும் அவ்வாறே தம்முள் இயைந்து நிற்பன. இவ்வியைபை முழுமையாக நோக்கிய பின்னரே அரசு நெறி வகுத்தல் வேண்டும். தமிழகக் கடற்கரையில் இறால் வளர்ப்பு நிகழ்ந்த வரலாறு இதற்குச் சான்றாகும்.

1990ஆம் ஆண்டை ஒட்டி, நாகைப் பகுதியிலும் பிற கடலோரங்களிலும் இறால் பண்ணைகள் பல்கின. வெளிநாடுகளில் இறால் நல்ல விலை பெற்றது. அரசும் ஊக்கம் அளித்தது. ஒவ்வொரு குட்டையையும் தனித்து நோக்கியோர்க்கு ஊதியமே தோன்றியது.

ஆயின், குட்டைகள் தனித்து நிற்கவில்லை. ஒரு பண்ணை கழித்த நீர் உப்பாற்றில் கலந்தது. அந்நீரையே அடுத்த பண்ணை இறைத்துக்கொண்டது. 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் தோன்றியபோது, அது நீர்வழியே பண்ணை பலவற்றிற்கும் பரவிற்று. குட்டைகளில் தேங்கிய உவர்நீர் மண்ணுள் கசிந்து, அயலிலிருந்த நெல்வயல்களையும் குடிநீர்க் கிணறுகளையும் கெடுத்தது. இறால் நான்கு திங்களில் விளைந்துவிடும். உப்போ மெல்ல மெல்ல ஊறும். விரைந்து வரும் ஊதியம் கண்ணுக்குப் புலனாயிற்று; மெல்ல வரும் கேடு புலனாகவில்லை. ஊதியம் பெற்றவர் ஒருவர். குடிநீர் இழந்தவர் மற்றொருவர்.

சர்வோதயத் தொண்டர் ஜகந்நாதன் இக்குறையை உச்ச நீதிமன்றத்தின்முன் வைத்தார். கடலோர ஒழுங்கு மண்டலத்துள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறு அம்மன்றம் 1996 டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பளித்தது. பழைய முறையில் நிகழ்ந்த வளர்ப்பிற்கு விலக்கும் தந்தது. அதற்குள் கடன்பட்டுக் குட்டை வெட்டியோரும், அங்குக் கூலி பெற்றோரும் பலராயினர். முன்னரே எண்ணியிருந்தால் இரு திறத்தாரின் துயரும் குறைந்திருக்கும் அன்றோ? 2005ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தை நிறுவியது. பண்ணைகள் பதிவு பெறுதல் கடமையாயிற்று.

இதனால் இறால் வளர்ப்புத் தீதென்பது கருத்தன்று; அது பலர்க்கு வாழ்வளிக்கும் தொழிலே. குட்டைக்கு நீர் எங்கிருந்து வருகிறது, கழிந்தபின் எங்குச் செல்கிறது, இடையில் யாருடைய கிணறு உள்ளது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுத்தல் வேண்டும். நெறி வகுப்போரின் பார்வை குட்டையின் கரையோடு நின்றுவிடலாகாது.