காளிக்கு என்ன ஆச்சு?
சொந்த ஊர் நாவலைச் சொந்த ஊரில் உட்கார்ந்து படிப்பவருக்குச் சில யோசனைகள்

செய்ய வேண்டியவை

முதலில் முழுசாகப் படியுங்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வெளியானது 2010-இல். திருச்செங்கோட்டில் ரகளை கிளம்பியது 2014 டிசம்பரில். இடையில் நான்கு வருசம் அந்தப் புத்தகம் தன்பாட்டுக்குக் கிடந்தது. பிறகு கைமாறியது நாவல் அல்ல, அதிலிருந்து எடுத்த சில பக்கங்களின் நகல். குழந்தையில்லாத பொன்னா பதினாலாம் நாள் திருவிழா இரவில் வேறோர் ஆண் மூலம் பிள்ளை பெற மலையடிவாரக் கூட்டத்துக்குள் போகிறாள். அந்த இடம் மட்டும் கையில் இருந்தால் கோபம்தான் வரும். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருசம் 'வறடி' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அவள் நொந்துபோனது அந்த நகலில் இருக்காது.

ஊர்ச்சொல்லை ஊர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் பக்கத்தில் 'காடு' என்றால் மானாவாரி நிலம், புலி திரிகிற இடமல்ல. வெளியூர் நண்பருக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் இதையும் சொல்லிக் கொடுங்கள். அகராதியே வேண்டுமென்றால் அதையும் இதே எழுத்தாளர் தொகுத்திருக்கிறார்: 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'.

நீங்கள் எந்தப் பக்கம் நின்று படிக்கிறீர்கள் என்று பாருங்கள். அவருடைய 'கூளமாதாரி' நாவலில் ஆடு மேய்க்கும் கூளையன் பண்ணயக்காரர் வீட்டில் வருசக் கூலிக்கு விடப்பட்ட பையன். ஆள் வைத்துப் பண்ணயம் செய்த வீட்டுப் பேரன் படிப்பதும், ஆளாக இருந்தவர் வீட்டுப் பேத்தி படிப்பதும் ஒன்றா? மேச்சல் காட்டு விளையாட்டுகளில் லயித்துப் போகும்போதே தொண்டையில் ஏதோ அடைக்க வேண்டும். அடைக்கவில்லை என்றால் இன்னொரு தடவை படிக்கலாம்.

முடிவு தெரியாவிட்டால் கொஞ்சநாள் தவியுங்கள். பூவரச மரத்தடியில் பொன்னாவின் கணவன் காளியை விட்டுவிட்டு 'மாதொருபாகன்' முடிந்துவிடுகிறது. செத்தானா, பிழைத்தானா? 2014-இல் எழுத்தாளர் இரண்டு பதில் எழுதினார். 'ஆலவாயன்' காளி இல்லாத கதை, 'அர்த்தநாரி' அவன் பிழைத்த கதை. எது சரி என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் படித்துவிட்டு மூன்றாவதாக ஒன்றை நீங்கள் நினைத்தாலும் காளி கோபித்துக்கொள்ள மாட்டான்.

செய்யக்கூடாதவை

பொன்னா யாருடைய பாட்டி என்று தேடாதீர்கள். மலை நிஜம், கோயில் நிஜம், வைகாசித் தேர் நிஜம். அவள் மட்டும் எழுதப்பட்டவள்.

பாத்திரம் பேசியதற்கு எழுத்தாளரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். காளியின் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க வேண்டிய ஊரில் இப்படி ஆனது.

பிடிக்காததை ஒழிக்கக் கிளம்பாதீர்கள். 2016 ஜூலை 5 அன்று 'மாதொருபாகன்' வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் அதுதான்: படித்தே ஆகவேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை, பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம். வாசகருக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் எதற்கு?

அந்தத் தீர்ப்புக்குப் பின் அவர் எழுதிய நாவல் 'பூனாச்சி'. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி இன்னும் பயம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டார். அது யார் வீட்டு ஆடு என்று கேட்காதீர்கள்.