நிற்கும் இடத்தில் கேளுங்கள்: லிஸ்பில் லெக்சர் எழுத வருவோர்க்கு

லெக்சர் எழுதப் போகிறேன் என்று வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ரெஜெக்ஸ் தெரிந்தவர்களாகத்தான் வருகிறார்கள். ஆனால் அதைத் தேடுவதற்கென்றே பழகியிருக்கிறார்கள்: இந்தக் கோப்பில் மின்னஞ்சல் முகவரி எங்கே இருக்கிறது, அந்தப் பதிவேட்டில் இந்தச் சொல் எந்த வரியில் வருகிறது என்று. லெக்சருக்குத் தேடும் வேலை கிடையாது. அது ஓர் இடத்தில் நின்று, ‘இங்கே தொடங்குவது என்ன?’ என்று கேட்கிறது. விடை கிடைத்ததும் அந்த டோக்கன் முடிகிற இடத்துக்கு நகர்ந்து அதே கேள்வியை மறுபடி கேட்கிறது. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் கீழே நான் சொல்வதில் பாதி தானாகவே விளங்கும்.

காமன் லிஸ்பையும், அதில் பலரும் கையாளும் சிஎல்-பிபிசிஆர்ஈ நூலகத்தையும் வைத்தே பேசுகிறேன். ஹாம்பர்க்கைச் சேர்ந்த எடி வைட்ஸ் 2002-இல் வெளியிட்ட நூலகம் அது. பெர்ல் மொழியின் ரெஜெக்ஸை வேறெந்த மொழியின் துணையும் இல்லாமல் லிஸ்பிலேயே எழுதிக் காட்டினார். ஒரு ரெஜெக்ஸை அது சங்கிலியாகக் கோத்த குளோஷர்களாக மாற்றுகிறது. அந்த மூல நிரலைப் பொறுமையாக ஒருமுறை படித்தால், பல புத்தகங்களில் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

1. எல்லா ரெஜெக்ஸுக்கும் முன்னால் ஆங்கர் போடுங்கள். பின்சாய்கோடும் பெரிய ‘ஏ’ எழுத்தும் சேர்ந்த குறியைச் சொல்கிறேன். அது இல்லாவிட்டால் ஸ்கேன் செயல்பாடு நீங்கள் நிற்கும் இடத்தில் எண் இல்லை என்று தெரிந்தபின்னும் நிற்காது. அடுத்த எழுத்து, அதற்கடுத்த எழுத்து என்று கோப்பின் கடைசிவரை எண்ணைத் தேடிக்கொண்டே போகும். நீங்களோ வந்த விடையின் தொடக்கம் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்றால் தூக்கிப் போடுவீர்கள். ஒவ்வொரு டோக்கனுக்கும், ஒவ்வொரு விதிக்கும் இப்படி ஓர் ஊர்வலம் நடக்கும். சிறிய கோப்பில் இது கண்ணில் படவே படாது. கோப்பு பத்து மடங்கு பெருத்தால் நேரம் நூறு மடங்கு ஆகும்போதுதான் தெரியும்.

தேடலின் விலைக்கு ஒரு சான்று. 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கிக் கிடந்தது. ஒரு பதிவில் வரிசையாக 20,000 வெற்றிடக் குறிகள் இருந்தன. முன்பின் வெற்றிடங்களை நீக்கும் சாதாரண ரெஜெக்ஸ் ஒன்று முதல் குறியிலிருந்து ஓடிப் பார்த்துத் தோற்றது, இரண்டாவதிலிருந்து ஓடித் தோற்றது, மூன்றாவதிலிருந்தும் அப்படியே. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 20 கோடிச் சோதனைகள். ரெஜெக்ஸில் எழுத்துப் பிழை ஒன்றும் கிடையாது. தோற்ற இடத்தில் நிற்காமல் அடுத்த இடத்துக்குப் போய்ப் பார்த்ததுதான் வினை.

2. ஸ்ட்ரிங்கை வெட்டாதீர்கள். படித்து முடித்த பகுதியைச் சப்செக் கொண்டு நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு தொடர்வது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சப்செக் ஒவ்வொரு முறையும் மிச்சம் முழுவதையும் புதிதாக நகலெடுக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் எழுத்துள்ள கோப்பு, டோக்கனுக்கு ஐந்து எழுத்து என்றால் 20,000 டோக்கன்கள். ஒவ்வொன்றுக்கும் சராசரி 50,000 எழுத்து நகல். மொத்தம் 100 கோடி எழுத்துகள். எஸ்பிசிஎல் என்ற காமன் லிஸ்ப் கம்பைலரில் பொதுவான ஸ்ட்ரிங் எழுத்துக்கு நான்கு பைட் பிடிக்கும். ஆக 400 கோடி பைட். ஒரு லட்சம் எழுத்தைப் படிக்க இவ்வளவு குப்பையைக் கிளறுவது நியாயமா?

ஸ்கேனுக்கு ஸ்டார்ட், எண்ட் என்று இரண்டு கீவேர்டுகள் இருக்கின்றன. நிற்கும் இடத்தை ஸ்டார்ட்டாகக் கொடுங்கள். முதல் அறிவுரையில் சொன்ன ஆங்கர் அந்த ஸ்டார்ட் இடத்திலேயே பொருந்தும். ஸ்ட்ரிங்கின் பூச்சியமாவது இடத்துக்காகக் காத்திருக்காது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் லெக்சருக்கு ஏற்ற கருவி கையில் வரும். எண்ணின் மதிப்பை எடுக்கும்போதும் வெட்ட வேண்டாம். பார்ஸ்-இன்டீஜரும் ஸ்டார்ட், எண்ட் இரண்டையும் ஏற்கும். சோம்பலில் ரீட்-ஃப்ரம்-ஸ்ட்ரிங்கைக் கூப்பிட்டுவிடாதீர்கள். லிஸ்பின் ரீடர், நீங்கள் தடுத்துவைக்காவிட்டால், #. என்ற குறிக்குப் பின்னால் வருவதை இயக்கியே விடும். வெளியார் தரும் கோப்பை அப்படிப் படிப்பது வாசல் கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம்.

3. இதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு, அதனால் தனியாகவே வைக்கிறேன். ரெஜெக்ஸிலிருந்து நூலகம் ஆக்கும் ஸ்கேனர்கள் சிம்பிள்-ஸ்ட்ரிங் மீது மட்டுமே வேலை செய்யும். ஃபில்-பாயிண்டர் உள்ள ஸ்ட்ரிங்கையோ, இன்னொன்றின் மேல் டிஸ்பிளேஸ் செய்த ஸ்ட்ரிங்கையோ கொடுத்தால் நூலகம் முறையிடாது. ஒவ்வொரு அழைப்பிலும் சத்தமில்லாமல் அதைச் சிம்பிள்-ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொள்ளும். வெட்டுவதைத் தவிர்க்க வேண்டும் என்று டிஸ்பிளேஸ்டு அரேயைத் தேடிப் போன கெட்டிக்காரப் பிள்ளைகள், வெட்டுவதைவிட மோசமான நகலில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கோப்பைப் படித்ததும் ஒரே ஒரு தடவை மாற்றிவிட்டு, அதையே கடைசிவரை கொடுங்கள்.

4. ரெஜெக்ஸை ஒருமுறைதான் கம்பைல் செய்ய வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். எப்போது தானாக நடக்கிறது, எப்போது நடப்பதில்லை என்பதில்தான் தடுமாற்றம். ஸ்கேன் அழைப்பில் ரெஜெக்ஸை மாறாத ஸ்ட்ரிங்காக அங்கேயே எழுதியிருந்தால், நூலகத்தின் கம்பைலர் மேக்ரோ லோட்-டைம்-வேல்யூ போட்டு, நிரல் ஏறும்போதே ஸ்கேனரை ஆக்கிவைத்துவிடும். அதே ஸ்ட்ரிங்கை ஒரு மாறியில் வைத்து மாறியைக் கொடுத்தால் அந்தச் சலுகை போய்விடும்; ஒவ்வொரு அழைப்பிலும் அலசல், குளோஷர் சங்கிலி எல்லாம் முதலிலிருந்து நடக்கும். விதிகளைப் பட்டியலில் போட்டுச் சுற்றிவருவது லெக்சரில் இயல்பு என்பதால் இந்தப் பள்ளத்தில்தான் பலரும் விழுகிறார்கள். பட்டியலை அமைக்கும்போதே ஒவ்வொன்றையும் கிரியேட்-ஸ்கேனர் வழியாக அனுப்பி, கிடைக்கும் குளோஷரைப் பட்டியலில் வையுங்கள்.

மேக்ரோ எழுதத் தொடங்கியபின் இன்னொன்றும் வரும். மேக்ரோ விரியும்போதே ஸ்கேனரை ஆக்கி, அந்தக் குளோஷரை விரிவுக்குள் செருகத் தோன்றும். கம்பைல் செய்த கோப்பில் குளோஷரை எழுதிவைக்க முடியாது என்பதால் கம்பைலர் மறுத்துவிடும். விரிவுக்குள் லோட்-டைம்-வேல்யூ வடிவத்தை வையுங்கள்.

5. முதல் எழுத்தைப் பாருங்கள். நான் மிகவும் வற்புறுத்தும் அறிவுரை இது. முப்பது விதிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தோற்று, கடைசியில் அது ஒரு கமா என்று கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது? நிற்கும் இடத்து எழுத்தை எடுத்து ஒரு கேஸ் வடிவத்தில் பிரித்துவிடுங்கள். அடைப்புக்குறி, கமா, அரைப்புள்ளி எல்லாம் ரெஜெக்ஸைத் தொடாமலே முடிந்துவிடும். வெற்றிடத்தைத் தாண்ட பொசிஷன்-இஃப்-நாட் போதும், அதுவும் ஸ்டார்ட்டை ஏற்கும். இலக்கம் வந்தால் எண்ணுக்கான ஸ்கேனர், மேற்கோள்குறி வந்தால் ஸ்ட்ரிங்குக்கான ஸ்கேனர் என்று ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். ரெஜெக்ஸ் அதற்கு உரிய இடத்தில் மட்டும் உழைக்கட்டும்.

எல்லா விதிகளையும் | போட்டு ஒரே பெரிய ரெஜெக்ஸாகக் கட்டுவது இன்னொரு வழி. எந்தக் கிளை பொருந்தியது என்பதை ரெஜிஸ்டர் அரேயில் பார்த்துக்கொள்ளலாம். நன்றாகவே நடக்கும். ஆனால் உள்ளே கிளைகள் வரிசையாகத்தான் சோதிக்கப்படுகின்றன, பிழை வந்தால் எந்த விதி என்று தேடுவதும் பாடு. நான் முதல் வழியின் பக்கம். எந்த வழியானாலும், மதிப்பு தேவைப்படாத குழுக்களை (?: ) என்றே எழுதுங்கள், தேவையில்லாத ரெஜிஸ்டர்களை நூலகம் சுமக்க வேண்டாம்.

6. கிளைகளின் வரிசையை நம்பிக்கையோடு எழுதாதீர்கள், கவனத்தோடு எழுதுங்கள். பெல் லேப்ஸில் மைக் லெஸ்கும் எரிக் ஷ்மிட்டும் (பின்னாளில் கூகுளை நடத்திய அதே ஷ்மிட்) 1975-இல் தந்த லெக்ஸ் கருவியில், மிக நீளமாகப் பொருந்தும் விதியே வெல்லும். நீளம் சமமானால் முன்னால் எழுதியது வெல்லும். பெர்ல் வழி ரெஜெக்ஸில் நீளத்துக்கு மதிப்பில்லை, முதலில் பொருந்திய கிளையோடு முடிந்தது. < என்பதை <= என்பதற்கு முன்னால் எழுதிவிட்டால் <= ஒருநாளும் டோக்கனாக வராது; < ஒன்று, = ஒன்று என்று உடைந்து வரும். நீளமானதை முன்னால் வையுங்கள். 3.14-க்கும் இதே முறைதான்: பதின்மம் முன்னே, முழு எண் பின்னே.

7. மொழியின் ஒதுக்கிய சொற்களுக்கு ரெஜெக்ஸ் வேண்டாம். பெயர் போலத் தோன்றும் எதையும் ஒரே ஸ்கேனரால் எடுத்து, ஈக்வல் ஹாஷ் டேபிளில் தேடுங்கள். இருந்தால் ஒதுக்கிய சொல், இல்லாவிட்டால் பெயர். இங்கே ஒரு சிறிய சப்செக் தேவைப்படும், பரவாயில்லை. டோக்கன் அளவே நகல்.

8. லிஸ்ப் ஸ்ட்ரிங்குக்குள் ஒரு பின்சாய்கோடு வேண்டுமானால் இரண்டு எழுத வேண்டும். ரெஜெக்ஸிலும் அப்படியே. ஆக, மூலத்தில் உள்ள ஒரு பின்சாய்கோட்டைப் பிடிக்க நான்கு. ஆறு மாதம் கழித்து அதைப் படிப்பவர் நீங்களாகவே இருந்தாலும் திணறுவீர்கள். சிஎல்-பிபிசிஆர்ஈ ரெஜெக்ஸை ஸ்ட்ரிங்காக மட்டும் கேட்பதில்லை, லிஸ்ப் பட்டியலாகவும் ஏற்கும். ‘இலக்கம், ஒன்று முதல் எத்தனையும்’ என்பதைப் பட்டியலாக எழுதினால் பின்சாய்கோடே வராது. பார்ஸ்-ஸ்ட்ரிங் செயல்பாட்டுக்கு ஒரு ரெஜெக்ஸைக் கொடுத்தால் அதன் பட்டியல் வடிவத்தைத் தரும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. டிஃபைன்-பார்ஸ்-ட்ரீ-சினோனிம் என்ற மேக்ரோவால் துண்டுகளுக்குப் பெயரும் வைக்கலாம். ‘இலக்கம்’ என்றும் ‘அடுக்கு’ என்றும் பெயர் வைத்து, அவற்றைக் கோத்து ‘பதின்ம எண்’ என்று கட்டலாம். ரெஜெக்ஸும் நம் நிரலைப் போலவே பட்டியல் ஆகிவிடுவதால் மேக்ரோவே அதை எழுதித்தரும். லிஸ்பில் லெக்சர் எழுதுவதன் சுகமே எனக்கு இங்கேதான்.

9. பின்வாங்கலுக்கு அஞ்சுங்கள். ([0-9]+)+[;,] என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். முப்பது இலக்கங்கள் வந்து, பின்னால் ; அல்லது , இல்லாவிட்டால், அந்த இலக்கங்களை முழுவதுமாகவோ முன்பகுதியை மட்டுமோ பிரித்துப் பார்க்கும் வழிகள் 107 கோடிக்கு மேல். பின்வாங்கும் இயந்திரம் அத்தனையும் பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று சொல்லும். கென் தாம்சன் 1968-லேயே இப்படிப் பின்வாங்காத முறையை எழுதிவிட்டார், ஆனால் பெர்ல் வழியில் வந்த இயந்திரங்கள் வேறு வசதிகளுக்காக இந்த விலையைக் கொடுக்கின்றன. ஒரு எழுத்தை இரண்டு வழிகளில் விழுங்கக்கூடிய ரெஜெக்ஸ் எழுதாதீர்கள். தவிர்க்க முடியாத இடத்தில் (?> ) குழு இருக்கிறது; அதற்குள் ஒருமுறை பொருந்தியது திரும்ப அவிழாது.

மேற்கோள் ஸ்ட்ரிங்குக்குப் பலரும் எழுதுவது "(?:[^"\\]|\\.)*" என்ற வடிவம். விடை சரியாகத்தான் வரும். ஆனால் சுழற்சிக்குள் கிளை இருப்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் குளோஷர்கள் ஒன்றையொன்று கூப்பிட்டு ஸ்டாக் ஆழமாகிக்கொண்டே போகும். நீளமான ஸ்ட்ரிங் ஒன்று வந்ததும் கன்ட்ரோல் ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று எஸ்பிசிஎல் நிறுத்திவிடும். அதையே "[^"\\]*(?:\\.[^"\\]*)*" என்று எழுதுங்கள். சாதாரண எழுத்துகள் நேரான சுழற்சியில் ஓடிவிடும், பின்சாய்கோடு வரும் இடத்தில் மட்டும் ஆழம் கூடும். புள்ளிக்குறி புதுவரியைப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அது பிடிக்க வேண்டுமானால் சிங்கிள்-லைன்-மோடு கேட்டு ஸ்கேனரை ஆக்க வேண்டும்.

10. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் குறிப்புரையை, காமன் லிஸ்பின் #| |# போன்றதை, ரெஜெக்ஸால் பிடிக்க முயலாதீர்கள். எண்ணிக்கை வைத்துக்கொள்வது அதன் இயல்பிலேயே இல்லை. ஒரு லூப், ஒரு எண்ணி, பத்து வரி. ரெஜெக்ஸுக்குள்ளேயே வேண்டும் என்றால் பட்டியல் வடிவத்தில் ஃபில்டர் என்ற உறுப்பு உண்டு: நீங்கள் எழுதிய செயல்பாட்டிடம் நிற்கும் இடத்தைக் கொடுக்கும், நீங்கள் அடுத்த இடத்தையோ நில்லையோ திருப்பித் தரலாம்.

11. வெறுமையில் பொருந்தும் விதி ஒன்றுகூட இருக்கக் கூடாது. [0-9]* வெறுமையிலும் வெல்லும், இடம் நகராது, லெக்சர் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். முடிவு தொடக்கத்தைவிடப் பெரிதா என்று ஓர் அசெர்ட் போட்டுவையுங்கள்.

12. நம் எழுத்தில் சோதித்துப் பாருங்கள். உங்கள் மொழியில் பெயர்கள் தமிழில் இருக்கலாம் என்று முடிவு செய்தால், ரெஜெக்ஸின் ‘சொல் எழுத்து’ வகுப்பு கைவிட்டுவிடும். நூலகம் அதற்கு லிஸ்பின் எழுத்து-எண் சோதனையையே நம்புகிறது. எஸ்பிசிஎல்லில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்துக் கணக்கில் சேராது. ‘அம்மா’ கணினிக்குள் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஸ்கேனர் ‘அம’ என்று எடுத்து, புள்ளியில் நின்றுவிடும். யூனிகோடின் தமிழ்த் தொகுதியில் உள்ள 128 இடங்களையும் பட்டியல் வடிவத்தில் ஒரு வீச்சாகச் சேர்த்துவிடுங்கள். எண்ணோ நாணயக் குறியோ பெயரில் வரக் கூடாதென்றால் அவற்றைக் கழித்துக்கொள்ளலாம். இன்னொன்று: ‘கொடி’யில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் எனப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஹாஷ் டேபிளுக்கு வெவ்வேறு. எஸ்பி-யூனிகோட் தொகுப்பில் உள்ள நார்மலைஸ்-ஸ்ட்ரிங்கை, சேர்த்தெழுதும் வடிவம் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கூப்பிடுங்கள். சொல்லாவிட்டால் அது பிரித்தெழுதிய வடிவத்தைத் தரும். அதையும் கோப்பைப் படித்ததும், லெக்சர் முதல் அடி வைக்கும் முன்பே செய்துவிடுங்கள். நடுவில் செய்தால் நீங்கள் குறித்துவைத்த இடங்கள் எல்லாம் நகர்ந்துவிடும்.